கொடிக்கு அந்தப் பக்கம்

"உட்காருங்க சார்."

"உட்கார முடிஞ்சா நான் ஏன்யா நிக்கிறேன்?" என்று சீறினார் நீச்சல் சங்கத் தலைவர். இடுப்புக்குக் கீழே ஐஸ் பையை ஒரு கையால் அழுத்திப் பிடித்தபடி, லைஃப்கார்டின் மரக் கூண்டுக்குள் அவர் நின்ற கோலம் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. லைஃப்கார்டு உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

"சர்ஃபிங் பண்றேன்னு எவனோ பலகையில பாய்ஞ்சு வந்து பின்னாலேயே இடிச்சுட்டு ஓடிட்டான். சாயங்காலம் கடற்கரைக் கமிட்டி கூடுது. நான் புகார் குடுத்தா நாளையிலிருந்து இங்க ஒரு பலகைகூடத் தண்ணியில இறங்காது, பார்த்துக்கோ!"

"அவன் கால் விளங்காமப் போக!" என்றாள் பக்கத்தில் நின்ற அவர் மனைவி. "இந்த அப்பாவி மனுஷரை இடிக்க எப்படித்தான் மனசு வந்துச்சோ!"

வாசலில் நின்ற சர்ஃபிங் மாஸ்டர் அவசரமாக உள்ளே வந்தார். கடன் வாங்கிப் போட்ட ஓலைக் கொட்டகையும் பத்துப் பலகைகளும்தான் அவருடைய பிழைப்பு. பலகைக்குத் தடை வந்தால் அவர் குடும்பம் தெருவுக்கு வந்துவிடும்.

"பழகுறவங்களுக்கு நான் மெத்து மெத்துன்னு ஸ்பாஞ்சுப் பலகைதான் குடுக்கிறேன் சார். பலமா பட்டிருக்காது" என்றார் மாஸ்டர்.

"பட்டது உமக்கா, எனக்கா?"

"பலகை தனியா நழுவி நீந்துறவங்க மேல மோதக் கூடாதுன்னு, இதோ இந்தப் பட்டையைக் கணுக்கால்ல கட்டி, பலகையோட இணைச்சுத்தான் அனுப்புறேன். என்னால முடிஞ்ச ஜாக்கிரதை எல்லாம் பண்றேன் சார்."

"அப்ப இடிச்சவனைக் காட்டும். உம்மை விட்டுடறேன்."

மாஸ்டர் கையிலிருந்த பட்டையை இப்படியும் அப்படியும் திருப்பினார். "அது மட்டும் கேக்காதீங்க. பேரை வெளிய சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்."

"பார்த்தியா திமிரை!" தலைவர் ஐஸ் பையோடு துள்ளினார். துள்ளியது தப்பாகிவிட்டது. "அம்மா!" என்று அலறி மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

லைஃப்கார்டு பேச்சை மாற்றினான். "ஆள் எப்படி இருந்தாங்க சார்?"

"தலையிலிருந்து முழங்கால் வரைக்கும் கறுப்பு ரப்பர் டிரஸ். மூஞ்சி முழுக்க வெயிலுக்கு அப்புற வெள்ளை கிரீம். ஆம்பளையா பொம்பளையான்னே தெரியல."

"இவ்வளவு முரட்டுத்தனமா இடிச்சிருந்தா ஆம்பளையாத்தான் இருக்கும்" என்றாள் மனைவி.

"உனக்கென்ன தெரியும்? தண்ணியில கால் நனைக்கவே பயப்படுறவ நீ. நான் நீந்திட்டு வர்ற வரைக்கும் மணல்ல நடக்கிறியா, அதோட நிறுத்திக்கோ."

அவள் வாயை மூடிக்கொண்டாள். ரொம்ப நாள் பழக்கம் போலிருந்தது. பையிலிருந்து நழுவி விழுந்த ஐஸ் கட்டியை எடுக்கக் குனிந்தபோது அவளுடைய பேன்ட் லேசாக மேலேறியது. வெயிலில் கறுத்த வலது கணுக்காலைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு வெளுத்த வளையம். இடது காலில் அது இல்லை.

லைஃப்கார்டு சட்டென்று கடலைப் பார்க்க ஆரம்பித்தான். வெளியே சிவப்பு மஞ்சள் கொடிகள் இரண்டு படபடத்தன. அவற்றுக்கு நடுவே நீந்தலாம். அதைத் தாண்டி நட்டிருக்கும் கறுப்பு வெள்ளைக் கொடிக்கு அந்தப் பக்கம் முழுக்க சர்ஃபிங் பலகைகளுக்கு. இப்படிக் கொடி நட்டுப் பிரிக்க வேண்டும் என்று போன வருஷம் கமிட்டியில் தொண்டை கிழியக் கத்தியவரே இந்தத் தலைவர்தான்.

"சார், புகார் எழுதினா இடிபட்ட இடத்தையும் எழுதணும். எந்தக் கொடிக்குப் பக்கத்துல?"

தலைவர் தொண்டையைச் செருமினார். "இடம் முக்கியமா? இடிதான்யா முக்கியம்."

"கறுப்பு வெள்ளைக் கொடிக்கு அந்தப் பக்கம் நீங்க போனதைப் பார்த்துதானே நான் விசில் ஊதினேன்? அஞ்சாறு தடவை ஊதியிருப்பேன்."

"அலை இழுத்துட்டுப் போயிருக்கும்."

"அலை இழுத்தா கையை உயர்த்திக் காட்டுவாங்க சார். நீங்களும் காட்டினீங்க. 'போடா'ன்னு காட்டினீங்க."

சங்கத் தலைவரே கொடி தாண்டிய கதை கமிட்டியில் அடிபட்டால், அடுத்த வருஷம் தலைவர் பதவி என்ன ஆகும் என்று அவர் கணக்குப் போடுவது முகத்தில் அப்படியே தெரிந்தது.

"சரி சரி. ஏழைக் குடும்பம். மன்னிச்சு விட்டுடறேன்" என்று பெரிய மனசு பண்ணிவிட்டு, காலை அகட்டி அகட்டி வைத்துப் படியிறங்கினார். மாஸ்டர் லைஃப்கார்டைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுக் கொட்டகைக்கு ஓடினார். போன உயிர் திரும்பி வந்த சந்தோஷம் அவருக்கு.

மனைவி மட்டும் ஐஸ் பையைக் கொடுத்துவிட்டுப் போகப் பின்தங்கினாள்.

"அக்கா" என்று லைஃப்கார்டு குரலைத் தாழ்த்தினான். "கணுக்கால்ல பட்டை கட்டின தடம் தெரியுது. நாளைக்கு சாக்ஸ் போட்டுக்குங்க."

அவள் சட்டென்று பேன்ட்டைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"பயப்படாதீங்க, நான் மூச்சு விட மாட்டேன். புதுசா பழகும்போது பலகை சொன்ன பேச்சு கேக்காது. தெரியாம இடிக்கிறது சகஜம்தான்."

அவள் வாசலை எட்டிப் பார்த்தாள். "உள்ள என்னடி பண்றே? உனக்கு ஒரு வேலையும் உருப்படியா தெரியாது!" என்று கணவர் வெளியிலிருந்து கத்திக்கொண்டிருந்தார்.

அவள் லைஃப்கார்டைத் திரும்பிப் பார்த்துப் புன்னகைத்தாள்.

"தெரியாம இடிச்சேன்னு யாரு தம்பி சொன்னா?"