ஃபீனிக்ஸ் வெயில்

மினசோட்டா வீட்டை விற்றுவிட்டதாக அம்மா ஆர்லீன் போனில் சொன்னதும் ஃபீனிக்ஸில் இருந்த கர்ட், போனைப் பொத்திக்கொண்டு விஷயத்தைக் கிசுகிசுத்தான். எதிரே உட்கார்ந்திருந்த அவன் மனைவி டேனா, இங்கே வர வேண்டாம் என்று கையை ஆட்டினாள்.

"ஏம்மா வித்தே?"

"பனியை வாரிக் கொட்ட இனிமே உடம்புல தெம்பு இல்லடா. வெயிலடிக்கிற ஊராப் பார்த்து..."

"ஃபீனிக்ஸ் மட்டும் வேண்டாம்மா," என்று அவன் குறுக்கிட்டான். "இங்க அடிக்கிறது வெயில் இல்ல, நெருப்பு. கார் கதவைத் தொட்டாலே கை கொப்புளிச்சுடும். உன்னால ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது."

"அப்படியா?"

"தேள் வேற வீட்டுக்குள்ள வருது. வீடும் சின்னது. பசங்க போடுற கூச்சல்ல உனக்குத் தூக்கமே வராது. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

டேனா நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.



"தேள் எதுவும் இன்னும் என் கண்ணுல படலடா," என்றாள் அம்மா. "வெயிலும் பழகிடுச்சு. உங்க தெருவுக்குப் பின்னாடி இருக்கிற குடியிருப்புலதான் ஈஸ்டர்ல இருந்து இருக்கேன். உனக்குப் பாரமா வந்து நிக்கக் கூடாதுன்னுதான், எல்லாம் ஒழுங்கானப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்."

கர்ட்டின் முகம் சுட்டது. என்னவாம் என்று டேனா சைகையில் கேட்டாள். அவனால் நிமிர்ந்து அவளைப் பார்க்க முடியவில்லை.

"ராத்திரி சாப்பாட்டுக்கு உங்களைக் கூப்பிடத்தான் போன் பண்ணேன். சீஸ் மக்ரோனி செஞ்சிருக்கேன்," என்றாள் அம்மா. "உங்களுக்குச் சிரமமா இருந்தா, பசங்களை மட்டுமாவது அனுப்பி வை."