ஒரு சாண் கூடிய கண்ணாடி

"ஏளா ஈவா, ஒம் மாப்பிள்ளைகிட்ட நான் என்ன கேட்டேன்? வண்டிக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி. அம்புட்டுதானே கேட்டேன்?"

சீனித்தாய் வாசலில் நின்று போட்ட சத்தம் மில்லர்புரத்தில் அந்தத் தெரு முழுக்கக் கேட்டிருக்கும். ஈவாஞ்சலின் முற்றத்தைப் பார்த்தாள்.

பலகை ஒரு பக்கம், கூரைத் தகரம் ஒரு பக்கம், சக்கரம் நாலும் சுவரோரம். மூன்று நாளைக்கு முன்பு அது சீனித்தாயின் வடை வண்டி.

பண்டத்தைத் திறந்து வைத்து விற்கக் கூடாது, கண்ணாடி போட்டால்தான் வண்டி நிற்கலாம், சனிக்கிழமை வந்து பார்ப்பேன் என்று சுகாதார ஆய்வாளர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். இன்று வியாழன்.

அவள் புருஷன் கிங்ஸ்டன் கொட்டகையிலிருந்து வந்தான். துறைமுகத்தில் கிரேன் மெக்கானிக். இடித்த கட்டடங்களின் ஜன்னல் கண்ணாடிகளைப் பழைய சாமான் கடையில் வாங்கி வந்து, வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் டீப்பாய், அலமாரிக் கதவு என்று எதையாவது செய்துகொண்டிருப்பான்.

"தப்பு என்னுதுதான்க்கா. அளவைத் தப்பா எடுத்துட்டேன். ஒங்க வண்டி மூணு அடி. கண்ணாடி ஒரு சாண் கூடிப்போச்சு."

"கூடினா நறுக்கு. கடையில கோடு போட்டு பட்டுனு ஒடிக்கானே."

"இது அந்தக் கண்ணாடி இல்லக்கா. டஃபன்டு. சூடாக்கி இறுக்குனது. நடுவுல அடிச்சா தாங்கும். ஓரத்துல கை வச்சா போச்சு."

"எங்கிட்ட கதை விடாத."

அவன் மேலே கீறிப்போன ஒரு சின்னக் கண்ணாடியை எடுத்துச் சாக்குக்குள் வைத்தான். கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, இடுக்கியால் ஓரத்தில் ஒரு நெரி நெரித்தான்.

டப்.

சாக்கை விரித்தால் கண்ணாடி இல்லை. கல்லுப்புதான் குவிந்து கிடந்தது.

சீனித்தாய் குனிந்து பார்த்தாள். "முத்தையாபுரம் உப்பளத்துல அள்ளிட்டு வந்த மாதிரிலா இருக்கு" என்றாள்.

"கண்ணாடியைக் குறைக்க முடியாதுக்கா. வண்டியைத்தான் கூட்டணும்."

ஈவாஞ்சலினுக்குப் பொறுக்கவில்லை. "அதுக்குக் கூரையை எதுக்குப் பிரிச்சிய?"

"கண்ணாடி உயரமும் கூடுதுல்லா."

"சக்கரம்?"

"அகலம் கூடினா கனம் கூடும். பழைய சக்கரம் தாங்காது."

"பலகை?"

"அது... ஆணி பிடிக்க மாட்டேங்கு."

சீனித்தாய் விரலை நீட்டினாள். "பாரு தம்பி, ஓசியில ஒரு ஆணி எனக்கு வேண்டாம். வெள்ளத்துல ஊறுன வண்டின்னு சொல்லி, தெருக்காரங்க துட்டு பிரிச்சு புது வண்டி வாங்கித் தாரோம்னு வந்தாவ. வாசலோட திருப்பி அனுப்புனவ நான்."

"ஓசி யாரு குடுக்கா? பெட்டிக்குப் பேசுனதைக் குடுங்க, போதும். எந் தப்புக்கு நீங்க துட்டு குடுப்பியளா?"

அவள் யோசித்தாள். "அதுவும் நியாயந்தான். கெடுத்தவந்தான் சரிபண்ணணும். சனிக்கிழமை வண்டி தெருமுனையில நிக்கலைன்னு வையி, ஒன் வீட்டு வாசல்ல அடுப்பைப் பத்த வச்சிருவேன்."

போகிற வழியில் நாலு பேரிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

சாயங்காலமே பக்கத்து வீட்டு சிவப்பிரகாஷ் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தான். "ஏலே கிங்ஸ்டன், கப்பலையும் இப்படித்தான் அளக்கியா? ஒரு சாண் கூடினா கடலைத் தோண்டச் சொல்லுவியோ?"

கிங்ஸ்டனும் சேர்ந்து சிரித்தான். ஈவாஞ்சலினுக்குச் சிரிப்பு வரவில்லை. பதினாறு வருஷமாக அவன் வேலையைப் பார்க்கிறாள். ஒரு நூல் பிசகினது கிடையாது. இப்போது ஊரே சிரிக்கிறது. கைக்காசும் போகிறது. இரண்டு நாள் லீவு வேறு.

"வயசாகுதுல்லா, கண்ணு பிடிபடல" என்றான். நாற்பத்திரண்டு வயது அவனுக்கு.

சனிக்கிழமை வண்டி தெருமுனையில் நின்றது. புதுப் பலகை, புதுச் சக்கரம், முன்னால் பளபளவென்று கண்ணாடி. ஆய்வாளர் சுற்றிவந்து பார்த்துத் தலையாட்டினார். இரண்டு உளுந்தவடையும் தின்றார்.

ஒன்றை மட்டும் ஈவாஞ்சலின் கவனித்தாள். பழைய வண்டியில் தகரம் தலையில் இடிக்குமென்று சீனித்தாய் எப்போதும் கழுத்தை வளைத்துக்கொண்டுதான் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நிற்பாள். இன்றைக்கு நிமிர்ந்து நின்றாள்.

"அளக்கத் தெரியாட்டாலும் வேலை சுத்தம்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து ஈவாஞ்சலின் கொட்டகையைப் பெருக்கப் போனாள். மூலையில் பழைய போர்வை போர்த்தி என்னமோ நின்றது. விலக்கினாள்.

மூன்று கண்ணாடிகள். முன்பக்கத்துக்கு ஒன்று, பக்கவாட்டுக்கு இரண்டு. மேலே ஒட்டியிருந்த காகிதத்தில் கிங்ஸ்டன் கையெழுத்து: 'சீனித்தாய் அக்கா வண்டி'.

டேப்பை எடுத்துப் பெரிய கண்ணாடியில் வைத்துப் பார்த்தாள்.

சரியாக மூன்று அடி. ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"ஏளா ஈவா!" வாசலில் சீனித்தாய், கையில் பொட்டலத்தோடு. "இந்தா, ஒம் மாப்பிள்ளைக்கு நாலு வடை. அளக்கத்தான் தெரியல, திங்கவாவது தெரியும்லா?"

ஈவாஞ்சலின் போர்வையை இழுத்து நன்றாக மூடிவிட்டு வெளியே வந்தாள்.

"குடுங்கக்கா. அவுகளுக்கு என்னைக்கு அளக்கத் தெரிஞ்சிருக்கு?"