வலைமேல் போத்தல்

சேந்தன் தன் இளமை முழுவதையும் ஐஸ் ஹாக்கி வலையின் முன்னால் கோல் காத்துக் கழித்தவன். வலையின் மேல்சட்டத்தில் அவனுடைய தண்ணீர்ப் போத்தல் இருக்கும். ஆட்டத்துக்கு முன் அதை நிரப்பிக் கொடுப்பவள் மனைவி வதனி. கறுப்பு ரப்பர் வட்டு அவனைத் தாண்டிப் போனால் வலைக்குப் பின்னால் சிவப்பு விளக்கு எரியும், அரங்கமே கூச்சலிடும். அவன் உடனே ஆட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி, முகமூடியை உயர்த்தி, போத்தலை எடுத்து அண்ணாந்து குடிப்பான்.

“ஏனப்பா, கோல் விழுந்தா மட்டும் உங்களுக்குத் தண்ணி விடாய்க்குது?” என்று மகள் இயலினி சின்ன வயதில் ஒருமுறை கேட்டாள்.

“ஓம் குஞ்சு, அப்பதான் சரியா விடாய்க்கும்.”

மகள் சிரித்தாள். பக்கத்தில் இருந்த வதனி சிரிக்கவில்லை.

முழங்கால்கள் தேய்ந்து அவன் ஆட்டத்தை விட்டுப் பல வருடங்களுக்குப் பிறகு, மருத்துவமனையில் வதனி படுத்திருந்த அறையிலிருந்து தமிழ் டாக்டர் வெளியே வந்தார்.

“எங்களால ஏலுமான எல்லாம் செய்து பாத்தனாங்கள், அண்ணை.”

எந்த விளக்கும் எரியவில்லை. யாரும் கூச்சலிடவில்லை. சேந்தன் டாக்டருக்கு முதுகைக் காட்டித் திரும்பினான். அவன் கை நெஞ்சளவு உயரத்தில், வெறும் காற்றில், எதையோ தேடியது.

இயலினி தன் பையிலிருந்த போத்தலை எடுத்து அந்தக் கையில் வைத்தாள். வைத்த பிறகுதான் அதில் தண்ணீர் இல்லை என்பது அவளுக்கு நினைவு வந்தது.

அவன் அண்ணாந்து நெடுநேரம் குடித்தான்.