கினிப்பன்றிக்குக் கட்டி

மகள் வளர்க்கும் கினிப்பன்றியின் வயிற்றைக் குகநேசன் மறுபடியும் தடவிப் பார்த்துவிட்டு மனைவியிடம் சொன்னான்.

“கட்டி பெருத்திட்டுது, சுகிர்தா. வவுனியாவுக்குக் கொண்டுபோவமே?”

“நேற்றுத்தானே நெடுங்கேணியில மிருக வைத்தியர் பாத்தவர். வெட்டிப் பாத்தால்தான் என்னெண்டு தெரியுமாம்.”

“என்னெண்டு தெரியாமல் எப்பிடிச் சும்மா இருக்கிறது?”

கூட்டுக்கும் வாசலுக்குமாக அவன் நடந்துகொண்டேயிருந்தான். சுகிர்தாவுக்கு எரிச்சல் வந்தது.

“வளக்கிற பிள்ளையே பேசாமல் பள்ளிக்கூடம் போயிட்டாள். உங்களுக்கென்ன வந்தது? உங்கட தோளிலயும்தான் கட்டி வந்திருக்கு. கலியாணத்துக்கு முதல் சண்டையில பட்ட செல் குண்டின்ர துண்டு மேல வருது எண்டு நான் சும்மா இருக்கேல்லையே?”

குகநேசன் நின்றான். அவனுடைய கை தானாக வலது தோளிலிருந்த கட்டிக்குப் போனது.

“எனக்குச் செல் பட்டது இடது தோளில, சுகிர்தா.”