அடுத்தது ஜோல்தோஷ்

நரின் நகரத்து இதயநோய் மருத்துவமனையில், நோயாளிகள் காத்திருக்கும் அறையில் தாலாய் புதுத் திரையை மாட்டி முடித்தான்.

"இனிமே உள்ள நுழையும்போதே ‘வரிசைல கடைசி யாரு’ன்னு யாரும் கத்த வேண்டாம். இந்த மெஷின்ல பேரைப் பதிஞ்சா, முறை வந்ததும் திரையே கூப்பிடும்."

"நாங்க கத்துறதுல உனக்கென்னப்பா இடைஞ்சல்?" என்றாள் சோனுன். ஏழு மணிக்கே வந்து முதல் நாற்காலியைப் பிடித்தவள். எல்லோரும் சிரித்தார்கள்.

தாலாய் சுவிட்சைப் போட்டான். இன்னும் ஒருவரும் பெயர் பதிந்திருக்கவில்லை. திரையில் எழுத்து வந்தது: ஜோல்தோஷ், அறை மூன்று.

சிரிப்பு நின்றுவிட்டது.

"யாருக்கா அது?" என்று சோனுனைக் கேட்டான் தாலாய்.

"போன குளிர்காலத்துல வந்தவரு. ‘உங்களுக்கு அடுத்து நான், காரை நகர்த்திட்டு வந்துடறேன்’னு எங்கிட்டதான் சொல்லிட்டுப் போனாரு. வாசல்லயே விழுந்து செத்துட்டாரு."

தாலாய் பெயரை அழித்தான். மறுபடியும் வந்தது. ஒயரைப் பிடுங்கப் போனவனின் கையைச் சோனுன் பிடித்துக்கொண்டாள்.

"விடு தம்பி. இடம் போட்டுட்டுப் போனவரு. இது அவரு முறை."

மூன்றாம் அறையின் கதவு திறந்து மூடியது. வெளியே ஜூன் மாத வெயில். வாசலிலிருந்து அந்தக் கதவு வரை, பூட்ஸ் தடங்களில் பனி உருகிக்கொண்டிருந்தது.

பத்து நிமிடம் கழித்து டாக்டரம்மா வெளியே வந்தார். ஸ்டெதஸ்கோப் இன்னும் காதிலேயே இருந்தது.

"இப்ப வலியே இல்லையாம்" என்றார்.