மூன்றாவது ஆள்

மகள் ஜெசிந்தா ஆசைப்பட்டுச் சொன்ன சம்பந்தம் என்பதால், செல்வமணி மாப்பிள்ளையிடம் நேரில் பேசிவிட சிவகிரியிலிருந்து சங்கரன்கோவிலுக்குத் தனியாக வந்திருந்தார். பிரவின்ராஜின் வேலையும் பேச்சும் அவருக்குப் பிடித்துப்போயின.

"தம்பி, நீங்க ஏதோ ராக் பேண்ட்ல வாசிக்கீங்களாமே?"

"ஆமா அங்கிள். நாங்க மொத்தமே மூணு பேரு. நான் டிரம்ஸ் வாசிச்சுக்கிட்டே கூடப் பாடுவேன். தாஹா பேஸ் கிட்டார். லீட் கிட்டாரும் மெயின் பாட்டும் ஒரு பொண்ணு. எங்க பாட்டெல்லாம் எழுதுறதும் அவதான்."

செல்வமணியின் முகம் மாறியது.

"பொண்ணா? டிரம்ஸ் இருக்கட்டும் தம்பி. அந்தப் பொண்ணை மட்டும் பேண்டை விட்டு அனுப்பிருங்க. நாளைக்கு எம்மவ மனசு சங்கடப்படக் கூடாதுல்லா?"

"அவளை எப்படி அங்கிள் அனுப்ப முடியும்? மூணு பேர்ல ஒருத்தர் போனாலும் பேண்டே கிடையாது."

"அப்போ இந்தச் சம்பந்தம் சரிப்படாது" என்று அவர் எழுந்தார்.

பிரவின்ராஜும் பதறி எழுந்தான்.

"அங்கிள், ஜெசிந்தா உங்ககிட்ட சொல்லப் பயந்துக்கிட்டே இருந்தா. இனி நானே சொல்லிருதேன். அந்தப் பொண்ணு உங்க மகதான்."

செல்வமணி மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். மன்னிப்புக் கேட்கலாமென்று பிரவின்ராஜ் வாயெடுத்தபோது, அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"எம்மவ பாடுனது உங்க போன்ல இருக்கா தம்பி? கொஞ்சம் போடுங்க, கேப்போம்."