மூன்றாம் நம்பர் கெட்டில்

இந்த வாரத்துக்குள் உருப்படியாக ஒரு கேஸ் பிடிக்காவிட்டால் ராமநாதபுரத்துக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். மதுவிலக்கு சப்-இன்ஸ்பெக்டர் பக்தவச்சலம் செங்கல்பட்டில் இப்போதுதான் கடன் வாங்கி வீடு கட்டி, பால் காய்ச்சியிருந்தார்.

அதனால்தான் சனிக்கிழமை மத்தியானம் பூப்போட்ட சட்டையும் அரை டிராயருமாக, கழுத்தில் ஒரு கேமராவை மாட்டிக்கொண்டு, மாமல்லபுரத்தில் கண்ணாயிரத்தின் மொட்டைமாடி ஹோட்டலில் உட்கார்ந்திருந்தார். டிராயர் மைத்துனனுடையது. உட்காரும்போதெல்லாம் பயமுறுத்தியது.

லைசென்ஸ் இல்லாத இடத்தில் பீர் எப்படி வரும் என்பது அந்தத் தெருவில் ஊரறிந்த ரகசியம். மெனு கார்டில் ‘ஸ்பெஷல் டீ’ என்று இருக்கும். பீங்கான் கெட்டிலில் வரும். வெள்ளைக்காரர்கள் அதைக் கப்பில் ஊற்றி, சூடாக இருப்பதுபோல ஊதி ஊதிக் குடிப்பார்கள். மற்ற ஹோட்டல்காரர்கள் ஊற்றுவது பாட்டில் சரக்கு. கண்ணாயிரம் மட்டும் சொந்தமாகவே காய்ச்சுகிறான், அதுவும் மூன்று தினுசு என்று 2007 சீசன் முழுக்க ஒரே பேச்சு. சிக்கினால் பெரிய மீன்தான்.

“ஒரு ஸ்பெஷல் டீ” என்றார் பக்தவச்சலம்.

கண்ணாயிரம் அவரை மேலும் கீழும் பார்த்தான். “இன்னா நம்பரு சார்? ஒண்ணா, ரெண்டா, மூணா?”

பக்கத்து மேஜையிலிருந்து பதில் வந்தது. “ஒன்றாம் எண்ணிலிருந்து தொடங்குங்கள், ஐயா. நேரே மூன்றுக்குப் போனால் நாக்கு மரத்துவிடும்.”

சிற்பம் கற்க வந்து, ஆறு மாதமாக இங்கேயே தங்கிவிட்ட டங்கன் என்கிற ஸ்காட்லாந்துக்காரர் அவர். தமிழைப் புத்தகத்தில் படித்தவர். பீரை ஊர் ஊராகப் போய்ப் படித்தவர்.

ஒன்றாம் நம்பர் வந்தது. சாட்சியத்துக்காக மட்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு பக்தவச்சலம் ஒரு வாய் குடித்தார். முகம் அஷ்டகோணலானது.

“எங்கள் நாட்டில் கசப்புக்காக ஹாப்ஸ் என்ற பூவைப் போடுவோம்” என்றார் டங்கன். “இவர் எதைப் போடுகிறார் என்று சொல்ல மறுக்கிறார். ஆனால் கவனியுங்கள். முதலில் இனிப்பு, பிறகு நார்த்தங்காய்த் தோல், கடைசியில் தொண்டையில் கசப்பு. இரண்டாம் எண்ணில் கசப்பு முன்னாலேயே வந்து நிற்கும். மூன்றாம் எண்ணை விவரிக்க எனக்குத் தமிழ் போதவில்லை.”

ஒப்பிட்டுப் பார்க்காமல் கேஸ் எப்படி நிற்கும்? பக்தவச்சலம் இரண்டாம் நம்பரையும் வரவழைத்தார். அது முடிந்ததும் காது சூடானது. மூன்றாம் நம்பரில் பாதி இறங்கியபோது, தூரத்தில் கடற்கரைக் கோயிலின் இரண்டு கோபுரமும் நாலாகத் தெரிந்தது.

“அண்ணாத்த, இதான் பீரு!” என்று டங்கனின் தோளில் கை போட்டார். “கடையில விக்கிறானே, அது கழனித்தண்ணி! இது இன்னா ஸ்ட்ராங்கு! நாக்குலயே நின்னுகினு கீது பாரு!”

படியேறி வந்த பிரெஞ்சு ஜோடியை வழிமறித்து, “நம்பர் த்ரீ! ஒன்லி நம்பர் த்ரீ!” என்று சிபாரிசு செய்தார். ஒரு பாட்டும் பாடினார். கண்ணாயிரத்தைக் கட்டிப்பிடித்து, “மச்சான், உன் கைக்குத் தங்கக் காப்பு போடணும்” என்று கண் கலங்கினார்.

அப்படிக் கட்டிப்பிடித்திருந்தபோதுதான் ராமநாதபுரம் ஞாபகம் வந்தது. பிடித்த பிடியை விடாமலே விசிலை எடுத்து ஊதினார். கீழே காத்திருந்த இரண்டு போலீஸ்காரர்கள் தடதடவென்று மேலே வந்தார்கள்.

கண்ணாயிரம் குரலைத் தாழ்த்தினான். “சார், எதுவா இருந்தாலும் உள்ள வந்து பேசுங்க சார். வெள்ளக்காரங்க முன்னாடி வாணாம். மானம் பூடும்.”

“காச்சறப்போ தெரியலையா மானம்? ஊறல் எங்கடா வெச்சிருக்கே?”

சமையலறையில் ஊறலும் இல்லை, பானையும் இல்லை. அடுப்பில் ஒரு அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு சாக்கு நிறையக் காய்ந்த செடி, நார்த்தங்காய்த் தோல், நன்னாரி சர்பத், சோடா பாட்டில்கள். பக்தவச்சலம் செடியில் கொஞ்சம் கிள்ளி வாயில் போட்டார். அந்தக் கசப்பு அவருக்குத் தெரியும். போன வருஷம் முட்டி வீங்கிப் படுத்திருந்தபோது, மனைவி அவர் மூக்கைப் பிடித்து ஊற்றிய அதே கசப்பு.

“நெலவேம்புடா இது!”

“ஆமா சார். சிக்குன்குனியா வந்தப்ப வாங்கினது, மிஞ்சிப் போச்சு. கஷாயத்துல நன்னாரியும் சோடாவும் ஊத்தி வெச்சேன். தொரை ஒரு வாய் குடிச்சுட்டு பீருன்னுட்டாரு. நானும் ஆமான்னுட்டேன். ஒரு கைப்பிடி போட்டா ஒண்ணாம் நம்பரு. மூணு கைப்பிடி போட்டா மூணாம் நம்பரு. நெஜ பீரு வித்தா நீங்க புடிச்சிகினு பூடுவீங்கன்னு பயம் சார். இதுல ஒரு சொட்டு சரக்கு கெடையாது.”

“அப்ப எனக்கு ஏறிச்சே, அது இன்னாது?”

“அது உங்களுது சார்.”

பக்தவச்சலத்துக்கு ஒரே நொடியில் எல்லாம் இறங்கியது. கஷாயம் காய்ச்சியதற்கு மதுவிலக்குச் சட்டத்தில் என்ன தண்டனை இருக்கிறது? புது வீட்டை யாருக்காவது வாடகைக்கு விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஆனால் விசும்பல் சத்தம் வாசலிலிருந்து கேட்டது. கையில் கப்போடு டங்கன் நின்றிருந்தார்.

“ஆறு மாதமாகத் தினமும் நான் தள்ளாடினேனே, ஐயா! ஊரில் எத்தனை நண்பர்களுக்குச் சிபாரிசு செய்தேன்! என்னை முட்டாளாக்கிவிட்டார். நான் புகார் கொடுக்க வேண்டும். யாரிடம் கொடுப்பது?”

பக்தவச்சலம் டிராயரை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு, விறைப்பாக நிமிர்ந்தார்.

அன்று சாயங்காலம், மதுவிலக்குப் போலீஸ் சரித்திரத்திலேயே முதன்முறையாக, மது விற்காத குற்றத்துக்காக ஒருவன் கைதானான்.